தோற்கவே வேண்டாம், கொஞ்சமா ஜெயிச்சா போதும்! ஒரு வக்கீல் நடத்திய கூடைப்பந்து சூதாட்டம்

கல்லூரி கூடைப்பந்து மேட்ச். உங்க டீம் 10 பாயின்ட் வித்தியாசத்துல ஜெயிக்கும்னு சூதாட்டச் சந்தை கணக்குப் போட்டிருக்கு. அப்போ ஒருத்தர் வந்து, "தோற்கவே வேண்டாம் தம்பி, 6 பாயின்ட்ல ஜெயிச்சா போதும்" என்கிறார். வெற்றி டீமுக்கு, பணம் உங்க பாக்கெட்டுக்கு. '10 பாயின்ட் வராது' என்று பந்தயம் கட்டிய அவருக்குக் கொள்ளை லாபம்.

இதுக்குப் பேர் 'பாயின்ட் ஷேவிங்'. கைக்கெட்டிய பந்தைக் கூடையில் போடாமல் தவறவிடுவது, பாஸை அரை நொடி தாமதமா கொடுப்பது... பார்க்கிறவங்களுக்கு 'பையன் இன்னைக்கு ஃபார்ம்ல இல்லை' என்றுதான் தோணும். 'நான்தான் தோற்கலையே' என்று ஆடுபவனின் மனசாட்சியும் சமாதானமாகிவிடும். அதுதான் இதில் இருக்கும் விஷமே.

1950-களின் கடைசியில் அமெரிக்காவில் இதை ஒரு தொழிலாகவே நடத்தியவர் ஜாக் மொலினாஸ். நியூயார்க்கைச் சேர்ந்த யூதர். அந்தக் காலத்தில் அந்த ஊர் யூத இளைஞர்களின் ஆட்டமே கூடைப்பந்துதான். இன்றைய என்.பி.ஏ-வின் முதல் மேட்ச்சில், 1946-ல், முதல் கூடையைப் போட்ட ஆஸி ஷெக்ட்மேனும் யூதர்தான்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஸ்டார் மொலினாஸ். 1953-ல் ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் அணி அவரை எடுத்தது. முதல் சீசனிலேயே ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். ஆனால் ஆடவில்லை. சொந்த அணியின் மேட்ச்களிலேயே பந்தயம் கட்டியதாக ஒப்புக்கொண்டதால், 1954 ஜனவரியில் என்.பி.ஏ அவரைத் தடை செய்தது. 'ஜெயிக்கும்னுதானே கட்டினேன்' என்பது அவர் வாதம்.

பிறகு புரூக்ளினில் சட்டம் படித்து வக்கீலானார். தடையை எதிர்த்து என்.பி.ஏ மீதே வழக்குப் போட்டார். 1961-ல் நீதிபதி இர்விங் காஃப்மேன் அதைத் தள்ளுபடி செய்தார். சூதாடும் வீரரை விலக்கி வைப்பது லீக்குக்கு நியாயமான விதிதான் என்பது தீர்ப்பு. வேடிக்கை என்னன்னா, கோர்ட்டில் நியாயம் கேட்டுக்கொண்டிருந்த அதே வருஷங்களில்தான் அவர் கல்லூரிப் பசங்களை விலைபேசிக்கொண்டிருந்தார்.

1961-ல் குட்டு உடைந்தது. விசாரணையில் சிக்கியவர்கள் இருபதுக்கும் மேற்பட்ட கல்லூரிகளின் மாணவர்கள். 1963-ல் மொலினாஸுக்கு 10 முதல் 15 ஆண்டு சிறைத் தண்டனை. ஐந்து வருஷத்தில் வெளியே வந்தவர், 1975-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 43.

ஆனா, எனக்கு மனசு கனப்பது கானி ஹாக்கின்ஸை நினைத்துத்தான். புரூக்ளின் ஏழை வீட்டுக் கறுப்பினப் பையன். அயோவா பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு மாணவன். மொலினாஸிடம் 200 டாலர் கடன் வாங்கினான். அதுவும் திருப்பிக் கொடுக்கப்பட்டுவிட்டது. அப்போதைய விதிப்படி முதலாம் ஆண்டு மாணவர்கள் கல்லூரியின் பிரதான அணியில் ஆடவே முடியாது. ஆடாத மேட்ச்சில் எப்படி பாயின்ட் குறைப்பது? அவன் மீது வழக்கே இல்லை. இருந்தும் கல்லூரி வெளியேற்றியது, என்.பி.ஏ கதவைச் சாத்தியது.

ஹாக்கின்ஸ் வழக்குப் போட்டார். 1969-ல் என்.பி.ஏ ஒரு மில்லியன் டாலருக்கும் மேல் கொடுத்து சமரசம் செய்தது. அவர் ஃபீனிக்ஸ் சன்ஸ் அணியில் இறங்கியபோது வயது 27. இளமையின் பாதி போயிருந்தது. 1992-ல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது.

அதேபோல மொலினாஸைத் தெரிந்த குற்றத்துக்காக ஒதுக்கப்பட்ட இன்னொருவர், டேட்டன் கல்லூரியின் ரோஜர் பிரவுன். என்.பி.ஏ-வில் அவர் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. 2013-ல் அவருக்கும் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம் வந்தது. அப்போது அவர் இறந்து 16 வருஷமாகியிருந்தது.