கழுகுக்கு விடை கொடுக்கும் வேடர்

மங்கோலியாவின் மேற்குக் கோடியில், அல்தாய் மலைச்சாரலில் வாழும் கசாக்கியர் மேய்ச்சல் நிலம் தேடிப் பருவந்தோறும் இடம்பெயரும் மக்கள். ஆட்டு மந்தை பனி மூடிய கணவாயைக் கடக்கும். தட்டுமுட்டுச் சாமான்கள் ஒட்டகத்தின் முதுகில் ஏறும். வளர்ப்புக் கழுகும் உடன் செல்லும்.

குளிர் உறைநிலைக்குக் கீழே 30 சென்டிகிரேடைத் தொடும் பனிக்காலமே வேட்டைப் பருவம். நரியின் மயிர் அடர்ந்திருப்பது அப்போதுதான். உருவிலும் வலிவிலும் ஆணை விஞ்சும் பெண் கழுகையே பழக்குவர். குதிரைமீது அமர்ந்த வேடன், நரியைக் கண்டதும் கழுகின் கண்மூடியை அகற்றிப் பறக்க விடுவான். 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இக்கலையை மானிட குலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது.

எனினும் அவர்தம் பெருமை வேட்டையில் மட்டுமன்று. சில ஆண்டுகள் தம் கையால் ஊனூட்டி வளர்த்த கழுகை, அது இணைசேர்ந்து குஞ்சு பொரிக்கட்டும் என்று மலையிலே விட்டுவருவது அவர்கள் வழக்கம். உழைத்த உயிருக்கு விடுதலை தரும் இவ்வறம் போற்றத்தக்கதன்றோ?