ஊசி என்றாலே உதறலா? அக்குபஞ்சர் ஆச்சரியங்கள் தெரியுமா?

ஊசியைப் பார்த்தாலே கை கால் வெலவெலக்கிறதா? "அக்குபஞ்சரா? ஆளை விடுங்க சாமி!" என்று ஓடுகிறவரா நீங்கள்? ஒரு நிமிடம்! இதைப் படித்துவிட்டு ஓடுங்கள்!

எவ்வளவு மெலிசு தெரியுமா?
பரவலாகப் பயன்படும் அக்குபஞ்சர் ஊசியின் தடிமன் வெறும் 0.25 மி.மீ.! முகத்துக்கு 0.16 மி.மீ. ஊசிகூட உண்டு! ரத்தப் பரிசோதனைக்குக் குத்தும் ஊசி? சுமார் 0.8 மி.மீ.! ரத்ததான ஊசியின் துளைக்குள் அக்குபஞ்சர் ஊசிகள் பத்தை ஒன்றாக நுழைத்துவிடலாம். நம்ப முடிகிறதா?

துளையே கிடையாது தெரியுமா?
இன்ஜெக்‌ஷன் ஊசி ஒரு குழாய். சாய்வாகச் சீவிய முனை தோலை வெட்டிக்கொண்டு போகும். அக்குபஞ்சர் ஊசியோ கெட்டிக் கம்பி! திசுவை விலக்கிக்கொண்டு உள்ளே நழுவும். மருந்தும் ஏறாது, ரத்தமும் எடுக்க மாட்டார்கள்!

வலியைக் குறைத்தவர் யார் தெரியுமா?
பார்வையற்ற ஒரு வைத்தியர்! 17-ஆம் நூற்றாண்டு ஜப்பானியர் சுகியாமா வாய்ச்சி. எனோஷிமா தீவில் கல் தடுக்கி விழுந்தாராம். குழல்போல் சுருண்ட இலைக்குள் இருந்த பைன் ஊசியிலை சுருக்கென்று குத்தியதாம். பிறந்தது யோசனை! ஊசியைச் சிறு குழாய்க்குள் விட்டுத் தட்டி இறக்கும் முறையைப் பரப்பினார். ஜப்பானை ஆண்ட ஷோகுனுக்கே வைத்தியரானார்!
இன்றும் அதே கதைதான். பிளாஸ்டிக் குழாயைத் தோலில் அழுத்தி வைப்பார்கள். மேலே துளியூண்டு நீட்டிக்கொண்டிருக்கும் ஊசிப்பிடியை விரலால் ஒரு 'டக்'! குழாயின் அழுத்தத்தில் பலருக்குக் குத்தியதே தெரியாது!

அப்புறம் என்னதான் தெரியும்?
கனமாக இருக்கும். லேசாகக் குடையும், மரத்துப்போகும், ஜிவ்வென்று இழுக்கும். சீன வைத்தியர்கள் எதிர்பார்ப்பதே அதைத்தான்! ஊசியோடு 20 முதல் 30 நிமிடம் படுத்திருக்க வேண்டும். அதற்குள் குறட்டை விடுகிறவர்களும் உண்டு! சுரீரென்று வலிக்கிறதா? பல்லைக் கடித்துக்கொள்ளாதீர்கள். சொன்னால் உடனே உருவிவிடுவார்கள்.

வெண்கல மனிதனுக்கும் ஊசி!
உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஊசி குத்தும் புள்ளிகள் 361! மாணவர்கள் எப்படிப் பழகினார்கள்? சீனாவில் சோங் வம்சப் பேரரசர் காலத்தில், 1027-ஆம் ஆண்டுவாக்கில், ஆளுயர வெண்கல மனிதர்கள் இருவரை வார்த்தார்கள். உடம்பெங்கும் துளைகள்! உள்ளே தண்ணீர், மேலே மெழுகுப் பூச்சு. சரியாகக் குத்தினால் நீர் சொட்டும். தப்பினால்? ஊசி இறங்கவே இறங்காது!

தங்கத்தில் ஊசி தெரியுமா?
1968-ல் சீனாவின் ஹெபெய் மாநிலத்தில், 2,100 ஆண்டுகளுக்கு முந்தைய இளவரசர் லியூ ஷெங்கின் கல்லறையைத் திறந்தார்கள். கிடைத்தவை 4 தங்க ஊசி, 5 வெள்ளி ஊசி! இப்போது? துருப்பிடிக்காத எஃகு ஊசி. ஒருமுறை குத்தினால் நேரே குப்பைக்கு! உங்கள் கண் முன்னால் உறையைப் பிரிக்கச் சொல்லுங்கள்!

அமெரிக்காவையே திரும்பிப் பார்க்கவைத்த குடல்வால்!
1971. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குப் பெய்ஜிங்கில் குடல்வால் அறுவை. அதன்பின் வயிறு உப்பி ஒரே அவதி. முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் ஊசி! வயிறு லேசானது என்று அவர் எழுத, அமெரிக்காவே பரபரத்தது!

ஆபத்து எவ்வளவு தெரியுமா?
ஜெர்மனியில் ஓர் ஆய்வில் கவனித்தது 2,29,230 பேரை! ஏதேனும் பக்கவிளைவு சொன்னவர்கள் 8.6 சதவீதம். பெரும்பாலும் துளி ரத்தம், கன்றிய தோல். நுரையீரலில் ஊசி பட்டுக் காற்று கசிந்தது எத்தனை பேருக்கு? இரண்டே பேருக்கு! ஆனாலும் முறையாகப் பயின்றவரிடமே போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்!

மயக்கம் வருமா?
ஊசியைக் கண்டால் சிலருக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். அதனால்தான் மயக்கம்! வெறும் வயிற்றோடு போகாதீர்கள். உட்காராமல் படுத்துக்கொள்ளுங்கள். சுவீடன் உளவியலாளர் லார்ஸ் யோரான் ஊஸ்ட் சொன்ன தந்திரம் தெரியுமா? கை, கால், வயிற்றுத் தசைகளை 10, 15 விநாடி இறுக்குங்கள். அரை நிமிடம் தளர்த்துங்கள். இப்படி 5 முறை! ரத்த அழுத்தம் ஏறிவிடும்! ஆனால் இதெல்லாம் ஊசி இறங்கும் முன்பே!

கடைசி அதிர்ச்சி!
மறுபடியும் ஜெர்மனி. நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 1,162 பேர். 2007-ல் ஆய்வின் முடிவு வந்தது. வழக்கமான சிகிச்சையில் தேறியவர்கள் 27.4 சதவீதம். அக்குபஞ்சரில் 47.6 சதவீதம்! இன்னொரு கூட்டத்துக்குப் புள்ளியே இல்லாத இடத்தில் மேலாக மட்டும் குத்தினார்கள். அவர்களில் தேறியது? 44.2 சதவீதம்! ஆராய்ச்சியாளர்களே தலையைச் சொறிந்தார்கள்! அப்படியானால், "மேலாகவே குத்துங்க, முதல் நாள் ரெண்டே ரெண்டு ஊசி போதும்!" என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்தானே?