வீட்டுக் கணினிக்கு இரண்டாவது பெட்டகம்

விளைச்சல் பெருகிய ஆண்டில் நம் முன்னோர் இரண்டாவது குதிர் ஒன்றைக் கட்டினார்கள். புதுநெல் வந்ததென்று பழைய நெல்லைத் தெருவில் கொட்டியவர் எவருமில்லை. இன்று தீவுகளில் வாழும் நம் இல்லங்களில் குதிர் இல்லை. ஆனால், "கணினியில் இடம் இல்லை, அப்பா!" என்ற முறையீடு மட்டும் வாரந்தோறும் எழுகின்றது. இக்காலத்துப் பெரிய விளையாட்டு ஒன்று 100 ஜி.பி.க்கு மேல் இடம் கொள்கின்றது. 500 ஜி.பி. கொண்ட கணினியில் இத்தகைய நான்கு விளையாட்டுகள் ஏறிவிட்டால், ஐந்தாவதற்கு இடமில்லை.

"பழையதை அழித்துவிடு, வேண்டும்போது மறுபடி இறக்கிக்கொள்ளலாம்" என்று பெற்றோர் கூறுவர். தாய்நிலத்தில் இது எளிய அறிவுரை. இங்கே அப்படியன்று. 2020 வரை நம் இணையத் தொடர்பு செயற்கைக்கோளை நம்பியிருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள், சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பி திறந்து வைக்கப்பட்டது. அது போர்ட் பிளேயரையும் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்), சுவராஜ் தீவு, லாங் ஐலண்டு, ரங்கத், லிட்டில் அந்தமான், கமோர்ட்டா, கார் நிக்கோபார், கிரேட் நிக்கோபார் ஆகிய இடங்களையும் இணைத்தது. பெரும்பேறு அது. எனினும், வீட்டுக்குள் வந்து சேரும் வேகம் நாம் செலுத்தும் கட்டணத்தைப் பொறுத்தது. வினாடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் 100 ஜி.பி.யை இறக்கப் பதினொரு மணி நேரம் ஆகும். ஆகவே, அழித்து மீண்டும் இறக்குவதைவிட இரண்டாவது பெட்டகம் ஒன்றைப் பொருத்துவதே நமக்கு ஏற்றது.

எதை வாங்குவது?

மூவகை உண்டு. முதலாவது ஹார்ட் டிஸ்க். உள்ளே தட்டு சுழல்வதால் வேகம் குறைவு. வினாடிக்கு ஏறத்தாழ 150 முதல் 200 எம்.பி. படிக்கும். விலைக்கு நிறைய இடம் தரும். இரண்டாவது, சாட்டா வயரில் இணையும் எஸ்.எஸ்.டி.; சுழலும் பகுதி இல்லை; 550 எம்.பி. வரை படிக்கும். மூன்றாவது, மதர்போர்டிலேயே செருகும் எம்.2 வடிவத்து என்.வி.எம்.இ. பட்டை, 3,500 எம்.பி.யும் அதற்கு மேலும் படிக்கும். 2023-இல் வெளிவந்த ஸ்டார்ஃபீல்டு போன்ற விளையாட்டுகள் எஸ்.எஸ்.டி. கட்டாயம் என்றே அறிவித்துள்ளன. புதிய விளையாட்டுகளுக்கு எஸ்.எஸ்.டி.யும், பழையவற்றுக்கும் திரைப்படங்களுக்கும் ஹார்ட் டிஸ்க்கும் போதும் என்பது நம் கருத்து.

வாங்குமுன் கணினியின் பக்கவாட்டு மூடியைத் திறந்து பாருங்கள். எம்.2 இடம் காலியாக உள்ளதா? இல்லையேல் சாட்டா துளையும் மின்சார இணைப்பும் மிச்சம் உள்ளனவா? சில மதர்போர்டுகளில் எம்.2 இடத்தைப் பயன்படுத்தினால் ஒரு சாட்டா துளை செயலற்றுப் போகும். அதன் கையேட்டில் இது குறிக்கப்பட்டிருக்கும். சாட்டா வயரும் சிறு திருகாணியும் டிஸ்க்குடன் வராமலும் போகலாம். எம் இல்லத்தில் டிஸ்க் வந்து சேர்ந்தும், காசு பெறாத ஒரு திருகாணிக்காக இரண்டு வாரம் காத்திருந்தோம்!

பொருத்தும் முறை

கணினியை நிறுத்தி, மின் வயரைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்தி எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்றுக. பெட்டியின் வர்ணமற்ற இரும்பை ஒருமுறை தொட்டபின் வேலையைத் தொடங்குக; உடலிலுள்ள நிலைமின்சாரம் நுண்ணிய பாகங்களைக் கெடுக்க வல்லது. சாட்டா முனை 'எல்' வடிவம் உடையது; ஒரு பக்கமாகத்தான் நுழையும், வலிந்து திணிக்க வேண்டா. எம்.2 பட்டையைச் சாய்வாகச் செருகி, மெல்ல அழுத்திப் படியவைத்துத் திருகாணியிடுக.

கணினியை இயக்கியதும் புதிய டிஸ்க் கண்ணில் படாது, கலங்க வேண்டா. விண்டோஸில் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' பகுதியைத் திறந்து, ஜி.பி.டி. முறையைத் தேர்ந்து, புதிய பகுதி உண்டாக்குக. பழைய டிஸ்க்கைத் தவறித் தொட்டால் உள்ளதெல்லாம் அழியும். ஆதலால் கொள்ளளவை இருமுறை சரிபார்க்க. 1 டி.பி. வாங்கினால் 931 ஜி.பி. என்றே காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, செய்தவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. ஸ்டீம் போன்ற செயலிகளில் விளையாட்டுகளை மறுபடி இறக்காமலே புதிய டிஸ்க்குக்கு மாற்றலாம்.

மறக்கக் கூடாதது

இனித்தான் நாம் முக்கியமாகக் கூற வந்தது. எம் இல்லத்தில் இரண்டாவது டிஸ்க் பொருத்தியதும், குடும்பப் படங்கள் அனைத்தையும் அதற்கு மாற்றிவிட்டு, பழைய டிஸ்க்கில் அவற்றை அழித்து விளையாட்டுகளுக்கு இடம் செய்தோம். எட்டே மாதத்தில் புதிய டிஸ்க் ஒருநாள் கண் திறக்கவில்லை. மகளின் காதுகுத்துப் படங்கள் போயின. திருநெல்வேலியிலுள்ள அத்தைக்கு முன்பு வாட்ஸப்பில் அனுப்பியிருந்த சில சிறு படங்களே திரும்பக் கிடைத்தன. கூடுதல் இடத்தை நாம் பாதுகாப்பு என்று எண்ணிவிட்டோம். அதுவே எம் பிழை.

இரண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டிக்குள் இருப்பவை. இடி இறங்கினாலும், கடல் புகுந்தாலும், கள்வன் எடுத்துச் சென்றாலும் இரண்டும் ஒன்றாகவே போகும். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலையைக் கண்ட தீவுகளில் வாழும் நமக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அன்று மனிதரையும் வீட்டையும் இழந்தவர்களுள், மறைந்தோரின் முகம் காண ஒரு படமும் மிஞ்சாதவர்கள் உண்டு.

ஆகையால், படங்களையும் பத்திரங்களையும் வெளியே செருகும் டிஸ்க் ஒன்றில் படியெடுங்கள். அடுத்த முறை கப்பலிலோ விமானத்திலோ ஊர் செல்லும்போது அதை உற்றார் வீட்டில் ஒப்படைத்து வாருங்கள். ஆண்டுக்கொரு முறை புதுப்பியுங்கள். விளையாட்டு போனால் பதினொரு மணி நேரத்தில் திரும்ப இறக்கலாம். பாட்டியின் முகத்தை எங்கிருந்து இறக்குவது? பிள்ளைகளின் விருப்பத்துக்கு ஒரு டிஸ்க் வாங்கும் நாளில், குடும்பத்தின் நினைவுக்கும் ஒன்று வாங்குவீர்களாக.