வாழையடி வாழையாய் வரும் வாடல் நோய்

லயத்து வீடுகளின் பின்புறத்திலும் ஓடைக்கரையிலும் நாலைந்து வாழைக் குத்துகளை வளர்ப்பது நம் தோட்ட மக்களின் நெடுநாள் வழக்கமாகும். குலையை விற்றால் கைச்செலவுக்கு ஆகும். இலையும் பூவும் தண்டும் வீட்டுக்கு உதவும். அத்தகைய வாழை குலை தள்ளும் வேளையில் வாடி நின்றால், மழை போதவில்லை, உரம் போதவில்லை என்று எண்ணிவிடுகிறோம். அது பனாமா வாடல் நோயாகவும் இருக்கக்கூடும்.

இந்நோய்க்குக் காரணம் பியூசேரியம் என்னும் பூசணம். மண்ணில் வாழும் இது வேர் வழியே புகுந்து, நீர் மேலேறும் குழாய்களை அடைத்துவிடுகிறது. நிலத்தில் ஈரம் இருந்தும் மரம் தாகத்தால் மடிகிறது. முதிர்ந்த இலைகளின் ஓரம் முதலில் மஞ்சளாகும். பின்னர் இலைகள் காம்பொடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடைபோலத் தொங்கும். சில மரங்களில் அடித்தண்டு நெடுக்காக வெடிப்பதும் உண்டு. தண்டைக் குறுக்கே வெட்டினால் செம்பழுப்பு நிறம் வளையமாய்த் தெரியும். காயின் உட்புறம் சிவந்து அழுகியிருந்தால், அது பாக்டீரியாவால் வரும் இரத்த நோய் எனப்படும் வேறொரு நோயாக இருக்கலாம். வாடல் நோய் காய்க்குள் அழுகலை உண்டாக்குவதில்லை. அக்காயை உண்பதால் மனிதருக்குத் தீங்கும் இல்லை.

ஆஸ்திரேலியாவில் 1876ஆம் ஆண்டிலேயே இந்நோய் குறித்து எழுதப்பட்டது. பனாமா நாட்டில் பெருந்தோட்டங்களை அழித்ததால் அப்பெயர் பெற்றது. நம் நாட்டில் பீசாங் எம்புன் என வழங்கும் வாழையே அன்று அங்கு ஏற்றுமதிக்குப் பயிரானது. 1960ஆம் ஆண்டுகளுக்குள் அதைக் கைவிட்டு, நோய் தாங்கும் கேவண்டிஷ் வாழைக்கு மாறினர். அதையும் தாக்கும் புதிய வகைப் பூசணம், 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நம் நாட்டுக் கேவண்டிஷ் தோட்டங்களில் பெருஞ்சேதம் விளைத்தது. நாம் விரும்பி நடும் பெராங்கானும் இதற்குத் தப்புவதில்லை. ரஸ்தாளியோ பழைய வகைப் பூசணத்திற்கே இரையாகும். தமிழகத்தில் அதைப் பயிரிடுவோரும் இத்துன்பத்தை நன்கறிவர்.

நோய் கண்ட மரத்தைக் குணப்படுத்த மருந்து கிடையாது. பூசணத்தின் வித்துகள் வாழையே இல்லாத நிலத்திலும் பல்லாண்டுகள் உயிருடன் கிடக்கும். ஆதலின், அது நம் நிலத்திற்குள் வராமல் காப்பதே வழி.

அது பெரும்பாலும் நம் கையாலேயே வருகிறது. அடுத்த லயத்து அண்ணன் அன்போடு தோண்டித் தரும் பக்கக்கன்று பார்வைக்குப் பசுமையாக இருக்கும். தாய்மரம் நோயுற்றதாயின் கன்றுக்குள்ளும் பூசணம் இருக்கும். மரம் வளர்ந்த பின்னரே அது வெளிப்படும். கன்று கேட்பவர் தாய்க் குத்தைச் சென்று பார்ப்பதில் தவறேதுமில்லை. கொடுப்பவரும் மனத்தாங்கல் கொள்ள வேண்டியதில்லை. நோயற்ற திசு வளர்ப்புக் கன்றுகளை வாங்கி நடுவது மேலும் நன்று. ஆனால் நோய் படிந்த மண்ணில் நட்டால் அவையும் வாடும்.

கோயில் திருவிழாவிற்கும் திருமணத்திற்கும் வாயிலில் கட்டும் வாழைமரத்தையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறோம். வாடிய குத்திலிருந்து வேரும் மண்ணுமாகப் பெயர்த்த மரம், விழா முடிந்தபின் ஓடையிலோ வேறொருவர் கொல்லையிலோ வீசப்பட்டால், நோயும் அங்கே சென்றுவிடும்.

நோயுற்ற குத்தைத் தோண்டி இழுத்துச் செல்லலாகாது; மண் சிதறும். அதனருகே நடமாட்டத்தைத் தவிர்த்து, விவசாய இலாகா அதிகாரியிடம் தெரிவித்து, அவர் கூறும் முறைப்படி நின்ற இடத்திலேயே அழிக்க வேண்டும். பாராங் கத்தி, மண்வெட்டி, காலணி ஆகியவற்றின் சேற்றை அங்கேயே முற்றாகக் கழுவிய பின்னரே கிருமிநாசினியைப் பயன்படுத்துக. சேற்றின்மேல் ஊற்றும் மருந்து வீணே. அவ்விடத்தில் மீண்டும் வாழை வேண்டாம். மரவள்ளியோ கத்தரியோ நடலாம். அவற்றை இந்நோய் தாக்குவதில்லை.