“செட் அவுட்” என்று காயலான் கடைக்குப் போடாதீர்கள்!

பழைய ஸ்டீரியோ 'ரிசீவர்' மக்கர் செய்தால் என்ன செய்வது?

சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு மாடி வீடு. ஓய்வு பெற்ற குமாஸ்தா ஒருவர் அங்கே குடியிருக்கிறார். அவர் வீட்டு ஹாலில் ஒரு பழைய ஸ்டீரியோ 'ரிசீவர்' இருக்கிறது. சிங்கப்பூரில் இருந்து வந்த மைத்துனர் 1981-ல் வாங்கி வந்து கொடுத்தது.

ஒரு நாள் காலை அது திடீரென்று வாயை மூடிக்கொண்டது. சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது. ஸ்டேஷனைத் திருப்பினால் முள் அசைகிறது. ஆனால் சத்தம் மட்டும் இல்லை!

“அப்பா, செட் அவுட். தூக்கிப் போடுங்க. புதுசா புளூடூத் ஸ்பீக்கர் வாங்கித் தர்றேன்” என்றார் மகன்.

காயலான் கடைக்காரர் வந்தார். செட்டைத் தூக்கிப் பார்த்தார். “இரும்பு விலைதான் சார். 200 ரூபாய் தர்றேன்” என்றார்.

பெரியவருக்கு மனசு கேட்கவில்லை. காலமாகிவிட்ட அவருடைய மனைவி தினமும் காலையில் அந்தப் பெட்டியில் பாட்டு கேட்டுக்கொண்டே சமையல் செய்வாராம். ஒரு ஆட்டோவைப் பிடித்தார். செட்டோடு ரிச்சி தெருவுக்குப் போனார்.

அங்கே மெக்கானிக் ஸ்குரூ டிரைவரைக்கூட கையில் எடுக்கவில்லை. முன்பக்கம் இருந்த ஒரு பட்டனை அழுத்தினார். அவ்வளவுதான். பாட்டு கொட்டியது!

“ஐயா, வீட்டுக்குப் பேரன் யாராவது வந்திருந்தானா?”

“ஆமா தம்பி, லீவுக்கு வந்தான்.”

“அவன் கைவரிசைதான் இது!”

எந்தப் பட்டன் அது?

'ரிசீவர்' என்பது ரேடியோவும் ஆம்ப்ளிபயரும் ஒரே பெட்டியில் இருக்கும் கருவி. 1970, 80-களில் வந்த செட்டுகளில் 'டேப் மானிட்டர்' என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்திவிட்டால், செட் ரேடியோவை விட்டுவிட்டு டேப் ரெக்கார்டரில் இருந்து வரும் சத்தத்துக்காகக் காத்திருக்கும். டேப் ரெக்கார்டரே இல்லாத வீட்டில் எங்கிருந்து சத்தம் வரும்?

'ஸ்பீக்கர் ஏ', 'ஸ்பீக்கர் பி' என்ற பட்டன்களும் இதே வேலையைச் செய்யும். 'மியூட்' பட்டனும் அப்படித்தான். எனவே சத்தம் இல்லை என்றதும் பதறக்கூடாது. முதலில் முன்பக்கப் பட்டன்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். இதற்குக் காசு செலவு இல்லை.

'டக்' சத்தம் கேட்கிறதா?

பல செட்டுகளில் சுவிட்சைப் போட்ட சில வினாடிகளில் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதுதான் 'ரிலே'. உள்ளே எல்லாம் சரியாக இருந்தால்தான் அது ஸ்பீக்கருக்கு வழிவிடும். கோளாறு இருந்தால் கதவைச் சாத்திவிடும். வீட்டுக்குக் காவல்காரர் மாதிரி!

வழக்கமாகக் கேட்கும் 'டக்' கேட்கவில்லையா? பிளக்கைப் பிடுங்குங்கள். பின்பக்கம் ஸ்பீக்கர் ஒயர்களைப் பாருங்கள். முறுக்கு அவிழ்ந்து ஒரு மெல்லிய செம்புக் கம்பி பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருந்தால்கூட செட் பேசாது.

ஸ்பீக்கர் ஒயர்களை முழுசாகக் கழற்றிவிட்டு மறுபடி சுவிட்சைப் போடுங்கள். இப்போது 'டக்' கேட்டால் கோளாறு ஒயரில் அல்லது ஸ்பீக்கரில் இருக்கிறது. அப்போதும் கேட்காவிட்டால் கோளாறு செட்டுக்குள். அது மெக்கானிக் வேலை. (வால்வு போட்ட பழங்கால செட்டை மட்டும் ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டக்கூடாது. கெட்டுவிடும்.)

ஒரு பக்கம் ஊமை

இடது ஸ்பீக்கர் பாடுகிறது. வலது ஸ்பீக்கர் ஊமை. அடிக்கடி வரும் கோளாறு இது. முதலில் 'பேலன்ஸ்' திருகு நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு இரண்டு ஸ்பீக்கர் ஒயர்களையும் பின்பக்கத்தில் இடம் மாற்றுங்கள். பழைய ஸ்பீக்கரே ஊமையாக இருந்தால் குற்றவாளி அந்த ஸ்பீக்கர் அல்லது அதன் ஒயர். இப்போது மற்ற ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டால் ஸ்பீக்கர்கள் நிரபராதி. செட்டோ, அதில் சொருகிய கேபிளோதான் காரணம். கேபிளின் சிவப்பு, வெள்ளை பின்களையும் இதேபோல இடம் மாற்றினால் ஆள் அகப்பட்டுவிடும்.

கரகரப்பு, உறுமல்

வால்யூம் திருகைத் திருப்பும்போது 'கரகர' என்கிறதா? உள்ளே தூசியும் களிம்பும் படிந்திருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, திருகை இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை 20, 30 தடவை திருப்புங்கள். பல நேரம் இதிலேயே சரியாகிவிடும். போகாவிட்டால் மெக்கானிக் 'காண்டாக்ட் கிளீனர்' ஸ்பிரே அடிப்பார். மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் விடும் கைவைத்தியம் வேண்டவே வேண்டாம். எண்ணெயில் தூசி இன்னும் அதிகமாக ஒட்டும்.

'ஊம்' என்று ஓயாமல் உறுமுகிறதா? வால்யூமைப் பூச்சியத்துக்குக் கொண்டு வாருங்கள். உறுமல் நின்றுவிட்டால் பெரும்பாலும் கேபிளில் அல்லது ரெக்கார்டு பிளேயரின் 'எர்த்' ஒயரில் தகராறு. பூச்சியத்திலும் உறுமினால், உள்ளே இருக்கும் பெரிய கண்டென்சர்கள் வயதாகிக் காய்ந்து போயிருக்கலாம். அதை மெக்கானிக்தான் மாற்றவேண்டும்.

ரேடியோ எடுக்கவில்லையா?

இந்தியாவில் முதல் எப்.எம். ஒலிபரப்பு தொடங்கியதே நம் சென்னையில்தான். 1977 ஜூலை 23-ம் தேதி அது தொடங்கியது. அந்தக் காலத்து செட்டில் இன்றும் எப்.எம். நன்றாகவே கேட்கும். பின்பக்கம் ஏரியல் ஒயர் இருக்கவேண்டும். சுமார் ஒன்றரை மீட்டர் ஒயரைக் கட்டி ஜன்னல் ஓரம் விட்டாலே நல்ல வித்தியாசம் தெரியும்.

மீடியம் வேவில் இரைச்சல் வந்தால் செட்டைத் திட்டாதீர்கள். வீட்டில் இருக்கும் எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். திருடன் வீட்டுக்குள்ளேயே இருப்பான்!

செல்போனை இணைக்க வேண்டுமானால் 'ஆக்ஸ்' என்று எழுதிய இடத்தில் சொருகவேண்டும். 'போனோ' என்பது ரெக்கார்டு பிளேயருக்கு மட்டும். செல்போனை அதில் சொருகினால் சத்தம் கிழியும். ரெக்கார்டு பிளேயரை 'ஆக்ஸ்'-ல் சொருகினால் சத்தம் ஈனசுரத்தில் வரும்.

உஷார்! உயிருக்கு ஆபத்து!

நமது வீட்டுக் கரண்ட் 230 வோல்ட். அமெரிக்காவில் 120 வோல்ட். ஜப்பானில் 100 வோல்ட். அந்த நாடுகளுக்காகச் செய்த செட்டை நேராக நம் பிளக்கில் சொருகினால் புகைதான் வரும். பழைய செட் வாங்குகிறவர்கள் பின்பக்கம் எழுதியிருக்கும் வோல்ட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள். குறைந்த வோல்ட் செட்டுக்கு ஏற்ற 'ஸ்டெப் டவுன்' டிரான்ஸ்பார்மர் வேண்டும். ஜப்பான் உள்ளூர் செட்டில் இன்னொரு தொல்லை. அதன் எப்.எம். 76-ல் தொடங்கி 90-லேயே முடிந்துவிடும். நம் ஊர் எப்.எம். 108 வரை போகிறது. பல ஸ்டேஷன்கள் கிடைக்காது.

பியூஸ் போனால் அதே அளவு பியூஸ் போடுங்கள். சிகரெட் பெட்டி ஜிகினாத் தாளைச் சுற்றுவதும், தடித்த கம்பி கட்டுவதும் வீட்டுக்குத் தீ வைக்கிற வேலை. புது பியூசும் உடனே போனால் உள்ளே பெரிய கோளாறு என்று அர்த்தம்.

மூடியை நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கண்டென்சர்களில் கரண்ட் தங்கியிருக்கும். தொட்டால் ஷாக் அடிக்கும். செட்டின் மேல் பூத்துணி விரித்து, சாமி படம், பூச்சாடி வைப்பதும் தப்பு. சூடு வெளியே போகத்தான் மேலே ஓட்டைகள் இருக்கின்றன.

பரணில் பல வருடம் கிடந்த செட்டை இறக்கியதும் சொருகிவிடாதீர்கள். மெக்கானிக்கிடம் கொடுங்கள். அவர் ஒரு குண்டு பல்பை 'சீரிசில்' போட்டு, அதன் வழியாகக் கரண்ட் கொடுப்பார். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே 'ஷார்ட்'. மங்கினால் பயம் இல்லை.

ஏமாறாமல் இருக்க...

மெக்கானிக்கிடம் “செட் ரிப்பேர்” என்று மட்டும் சொல்லாதீர்கள். “வலது பக்கம் ஊமை. ஸ்பீக்கரை மாற்றிப் பார்த்தாச்சு” என்று விவரம் சொல்லுங்கள். அவருக்கும் நேரம் மிச்சம். உங்களுக்கும் பணம் மிச்சம். எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே கேளுங்கள். மாற்றிய பழைய சாமான்களைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். நேர்மையான மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

திருவல்லிக்கேணி பெரியவரிடம் அந்த மெக்கானிக் காசு வாங்கவில்லை. “ஒரு டீ வாங்கிக் கொடுங்க ஐயா, போதும்” என்றார்.

பெட்டி மறுபடி ஹாலுக்கு வந்துவிட்டது. காலையில் பாட்டு கேட்கிறது. 'டேப் மானிட்டர்' பட்டன் மேல் மட்டும் பெரியவர் ஒரு பிளாஸ்திரி ஒட்டி வைத்திருக்கிறார். அடுத்த லீவுக்குப் பேரன் வருவானே!