சேலம் 0427 எப்படி 279 ஆச்சு?

கான்ஃபிக் ஃபைலை ஸ்கீமா வெச்சு சரிபார்க்கறதைப் பத்தித்தான் இந்த எபிசோட். நம்ம பக்கத்து உதாரணமே எடுத்துக்கலாம். ஒரு லாரி புக்கிங் ஆபீஸுக்கு சாஃப்ட்வேர் எழுதறோம்னு வெச்சுக்குங்க. ஒவ்வொரு கிளையோட பேர், எஸ்டிடி கோடு, போன் நம்பர் எல்லாம் ஒரு யாமல் ஃபைல்ல இருக்கு. ராத்திரி வழியில வண்டி நின்னுட்டா, டிரைவருக்கு எஸ்எம்எஸ்ல போறது இந்த நம்பர்தான்.

நாமக்கல் 04286, சேலம் 0427. மேற்கோள் குறி போடாம அப்படியே அடிச்சாச்சு. பைத்தான்ல பையாமல் வெச்சுப் படிச்சா, நாமக்கல் 04286னே வருது. சேலம் மட்டும் 279!

பையாமல் யாமல் 1.1 விதிப்படி படிக்குது. அதுல ஒரு எண் பூஜ்யத்துல ஆரம்பிச்சு, மத்த இலக்கமெல்லாம் 7க்குள்ள இருந்தா, அது எட்டை அடிமானமா வெச்ச ஆக்டல் எண். 4×64, 2×8, அப்புறம் ஒரு 7. கூட்டினா 279. நாமக்கல் கோட்ல 8 இருக்கறதால அது ஆக்டலே ஆகாது, ஸ்ட்ரிங்காவே விட்டுடும். ராசிபுரம் 04287, திருச்செங்கோடு 04288 ரெண்டும் இப்படித் தப்பிச்சுக்கும். ஈரோடு 0424 மாட்டிக்கும். நாமக்கல் கிளையை மட்டும் டெஸ்ட் பண்ணிப் பார்த்தவருக்கு எல்லாம் சரியாத்தான் தெரியும். (யாமல் 1.2ல வேற கதை. ஆக்டல் ஆகாது, ஆனா முன்னாடி இருக்கற பூஜ்யம் ரெண்டு ஊருக்குமே போயிடும்.)

சரி, ஸ்கீமா போடலாம். நிறைய பேர் ‘பேட்டர்ன்’ மட்டும் எழுதுவாங்க: பூஜ்யத்துல ஆரம்பிக்கணும், பின்னாடி 2 முதல் 4 இலக்கம் வரணும். பார்க்க கறாராத்தான் இருக்கு. ஆனா ஜேசன் ஸ்கீமால பேட்டர்ன் ஸ்ட்ரிங்குக்கு மட்டும்தான் பொருந்தும். 279 இப்ப ஒரு எண். அதனால பேட்டர்ன் அதைக் கண்டுக்கவே கண்டுக்காது, பாஸ் ஆயிடும். கூடவே ‘டைப்: ஸ்ட்ரிங்’ங்கற ஒரு வரியும் இருந்தாத்தான் பிழை காட்டும். அந்த சோதனையை சாஃப்ட்வேர் ஸ்டார்ட் ஆகறப்பவே ஓட்டிட்டா, டிரைவர் கைக்குத் தப்பு நம்பர் போகாது.

ஆனா ஸ்கீமா 279ஐத் திரும்ப 0427ஆ மாத்தித் தராது. ஃபைலைத் திறந்து மேற்கோள் குறி நாமதான் போடணும். சிலர் பிழை வருதேன்னு ஸ்கீமால டைப்பையே ‘இன்டிஜர்’னு மாத்திடறாங்க. எனக்கு இது சுத்தமா ஆகாது. எஸ்டிடி கோடை வெச்சு நாம என்ன, கூட்டல் கணக்கா போடப் போறோம்?