மரவள்ளியில் வந்தேறிய மாவுப்பூச்சியும் அதனை அடக்கும் குளவியும்

கள்ளக்குறிச்சி ஜில்லாவில் கல்வராயன் மலைமீதும் அதன் அடிவாரத்திலும் உள்ள புன்செய்களில் மரவள்ளிக்குத் தனி ஸ்தானம் உண்டு. முன்னாளில் சாமையும் தினையும் விளைந்த சரிவுகளிற் பல இன்று மரவள்ளிக் கொல்லைகளாகக் காட்சியளிக்கின்றன. அங்கு வெட்டப்படும் கிழங்கு லாரி ஏறி, ஆத்தூர், சேலம் பக்கத்து ஆலைகளை அடைந்து, ஜவ்வரிசியாகவும் மாவாகவும் மாறுகின்றது. வெள்ளிமலை முதலிய இடங்களிலுள்ள மலைக் குடியானவர் பலருக்கு ரொக்கமாகக் கைக்கு வரும் வருமானம் இப்பயிரினின்றே கிடைப்பதால், இதற்கு நேரும் சேதம் அவர்களுடைய அடுப்பங்கரை வரை சென்று எட்டும்.

இத்தகைய பயிருக்கு 2020-ஆம் வருஷத்தில் ஒரு புதிய பகை தோன்றியது. கேரளத்தில் திருச்சூர்ப் பக்கம் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, சிறிது காலத்திற்குள் சேலம், நாமக்கல் முதலிய ஜில்லாக்களுக்கும் கள்ளக்குறிச்சிக்கும் பரவிவிட்டது. சாஸ்திரிகள் இதற்குப் பீனகாக்கஸ் மணிஹோட்டி எனப் பெயரிட்டுள்ளனர். இவ்வினத்தில் ஆண் இன்றியே பெண் பூச்சிகள் முட்டையிட்டுப் பெருகும். ஒரு பூச்சி சில நூறு முட்டைகள் இடுமாகையால், ஒரே ஒரு பூச்சி கொல்லைக்குள் நுழைந்தாலும் ஒரு குலம் உண்டாகப் போதுமானது. நுனிக் குருத்தில் கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சுவதோடு, அதன் உமிழ்நீரின் நஞ்சால் இலைகள் சுருண்டு, கணுக்கள் நெருங்கி, நுனி முட்டைக்கோசு போல் கொத்தாகிவிடும். கோடையில் இதன் உக்கிரம் அதிகம். நல்ல மழை பெய்தால் பூச்சிகள் கழுவுண்டு குறையும்.

கால்நடையாகச் சில அடி தூரமே நகரவல்ல இப்பூச்சி மலையேறியது எங்ஙனம் எனில், பெரும்பாலும் மனிதன் கையாலேயே எனலாம். மரவள்ளி விதையினால் அன்று, கரணையினால் நடப்படுவது. ஓர் ஊரில் கழித்த குச்சிகளை மற்றோர் ஊரார் கட்டுக்கட்டாக வாங்கிச் செல்வதும், உறவினர் இனாமாகக் கொடுப்பதும் வழக்கம். மொட்டு இடுக்கில் ஒட்டிய பூச்சியும் முட்டையும் அக்கட்டுடன் பிரயாணம் செய்கின்றன. கடலிலும் இதற்கொப்பான செய்தி உண்டு. ஜப்பான் தேசத்துக் கடலைச் சேர்ந்ததாகக் கருதப்படும் டைடெம்னம் என்னும் கூட்டுயிர்க் கடற்பீச்சி, கப்பலடியிலும் சிப்பி வளர்ப்புச் சாமான்களிலும் ஒட்டிச் சென்று, வட அமெரிக்கா, ஐரோப்பா, நியூஸிலாந்து கரைகளில் பாறையையும் சிப்பியையும் போர்வை போல் மூடிவிட்டது. அதனைப் பிய்த்தெறிந்தால் ஒவ்வொரு துண்டும் புதிய கூட்டமாக வளரும். பூச்சி பிடித்த நுனியைக் கிள்ளி வரப்பில் வீசிவிடும் குடியானவர் செய்வதும் ஏறக்குறைய அதுவே.

இதன் பூர்வ சரித்திரம் அறியத்தக்கது. 1970-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டுப் பக்கம் இப்பூச்சி தோன்றி, கிழங்கையே உணவாகக் கொண்ட பல நாடுகளில் பரவியது. சில இடங்களில் விளைச்சலில் நூற்றுக்கு எண்பது பங்கு வரை நஷ்டம் நேர்ந்தது. மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்காவாதலால், பூச்சியின் எதிரியை அங்கேயே தேடினர். முதலில் அக்கண்டத்தின் வடபாகத்தில் ஒரு மாவுப்பூச்சி அகப்பட்டது. அதன் ஒட்டுண்ணிகளைக் கொணர்ந்தும் பலன் இல்லை. ஆராய்ந்ததில் அது உருவொத்த வேறொரு இனம் என்று தெரிந்தது. மெய்யான பூச்சி 1981-ஆம் வருஷம் பராகுவே நாட்டில் காணப்பட்டது. அதனுடன் வாழ்ந்த அனகைரஸ் லோபெசி என்னும் சிறு குளவியே ஆப்பிரிக்கக் கிழங்கைக் காப்பாற்றியது. இவ்வேலையை நடத்திய ஸ்விட்ஜர்லாந்து நாட்டு ஹான்ஸ் ஹெரன் என்பவருக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு அளிக்கப்பட்டது. 2008-இல் தாய்லாந்தில் இப்பூச்சி புகுந்தபோதும் இதே குளவி அங்கு கொண்டுசெல்லப்பட்டது.

அந்த முதல் தவறு நம் ஜில்லா குடியானவருக்கும் நேரக்கூடியதே. 2008-இல் கோயமுத்தூர்ப் பக்கம் தோன்றிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியுடன் மல்பெரியையும் மரவள்ளியையும் பாழாக்கியதும், 2010-இல் அமெரிக்கப் பகுதியான போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த அசெரோபேகஸ் என்னும் ஒட்டுண்ணியால் அது அடங்கியதும் பலர் அறிந்ததே. ஆதலால் வெண்மாவு கண்டவுடன் "அதே பூச்சிதான், தானே அடங்கும்" என்றிருந்துவிட்டவர் உளர். அந்த ஒட்டுண்ணி புதிய பூச்சியைத் தீண்டாது. மேல்மாவை மெல்லத் துடைத்துப் பார்க்கையில் உடல் மஞ்சளாயிருப்பின் பப்பாளிப் பூச்சி; இளஞ்சிவப்பாயின் புதிய பூச்சி.

பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகத்தார் 2021-இல் ஆப்பிரிக்காவின் பெனின் தேசத்திலிருந்து லோபெசிக் குளவியை வரவழைத்து, சோதித்துப் பெருக்கினர். 2022 மார்ச்சு மாதத்தில் ஆத்தூரை அடுத்த ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அதனை வயலில் விடும் வேலை ஆரம்பமாயிற்று. எள்ளிலும் சிறிய இக்குளவி மனிதரைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் குஞ்சினுள் ஒரு முட்டை இடும். அதிலிருந்து வரும் புழு உள்ளிருந்தே அதனைத் தின்றுவிடும். ஏறக்குறைய மூன்று வாரத்தில் பூச்சி பழுப்பு நிறக் கூடாக இறுகி, அதனைத் துளைத்துப் புதிய குளவி வெளிப்படும்.

கடும் நஞ்சைத் திரும்பத் திரும்பத் தெளிப்பவருக்கு இக்குளவி துணை நில்லாது. மெழுகுப் போர்வை பூச்சியை ஓரளவு மருந்தினின்று காக்கும். குளவிக்கோ அத்தகைய கவசம் இல்லை. தண்ணீருக்கே மைல் கணக்கில் நடக்கும் மலைச்சரிவுகளில் தெளிப்பு வேலை எவ்வளவு கைக்கெட்டும் என்பதும் யோசிக்கற்பாலது. பூச்சியின் தேன்கழிவை நாடிவரும் எறும்புகள் குளவியை விரட்டுவதால், எறும்புப் புற்றுகளையும் கவனித்தல் நலம்.

மலைக்கு மேலே நடவு செய்வோர் அடிவாரத்துக் குச்சியைத் தவிர்த்து, தம் கொல்லையிலேயே கோணாத நுனியுடைய செடிகளை அடையாளமிட்டு வைத்து, அவற்றினின்று கரணை எடுப்பது உத்தமம். வெளியூர்க் கரணையே கதி என்றால், விவசாய இலாகா சிபார்சு செய்யும் மருந்துக் கரைசலில் நனைத்த பின்னரே நடவேண்டும். கொத்தான நுனிகளைக் கிள்ளியவுடன் பையிலிட்டு எரித்துவிடவேண்டும். ஆனால் குளவி விட்ட கொல்லையில் எரிப்பதற்கு முன் பழுப்புக் கூடுகள் உண்டா என்று நோக்குக. உண்டாயின் அந்நுனிகளைச் செடியிலேயே விட்டுவைத்தல் வேண்டும்.